வைத்த இடம்

உள்ளங்கையை விரித்துத் திரையின் மேல் வைத்து, மறைந்த பகுதியை மறந்துவிட்டு மீதியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நகர்த்தி அடுத்த பகுதியை மறைப்பார். மறைத்ததை மனது தேடினால் அது பிழைத்தது. தேடவில்லையென்றால் அதன் கதை முடிந்தது. கடிதம், அறிக்கை என்று தட்டச்சு செய்கிறவர்கள் கணினியில் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றின் மெனுக்களைச் சுருக்குவது அவர் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் 'கத்தரி'. நேரில் அப்படிக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்த மென்பொருள் அவர் கைக்கு வந்தபோது குப்பைமேடாகத்தான் கிடந்தது. அச்சிடும் கட்டளை மூன்று இடங்களில் இருந்தது. எழுத்தின் அளவை மாற்ற ஒரு மெனுவுக்குள் இன்னொன்று, அதற்குள் மற்றொன்று என்று கிணற்றில் இறங்குவது போல் இறங்க வேண்டும். எவரோ என்றோ கேட்டார் என்று சேர்த்த வரிகளை எடுக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. இவருக்கு வந்தது. "அலமாரியில முப்பது சட்டை தொங்கும், போட்டுக்கறது ரெண்டுதான்" என்பார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கும் அதே கத்தரிதான்: "அந்த வரிய யாரும் தேடல, எடுத்துட்டேன்." முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வதால், கேட்டவர் சிரிப்பதா வேண்டாமா என்று திருதிருவென்று முழிப்பார்.

ஒவ்வொரு புதிய பதிப்பு வெளியானதும் தொலைபேசி ஓயாது. வைத்தது வைத்த இடத்தில் இல்லை என்று ஒருவர் புலம்புவார், இருந்ததையும் கெடுத்துவிட்டீர்களே என்று இன்னொருவர் ஏசுவார். எல்லாருக்கும் அவரிடம் ஒரே பதில்தான். "பழகிடும்." பெரும்பாலும் பழகியும் விட்டது என்பதைச் சொல்லாவிட்டால் அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இப்படி அடுத்தவர் சாமான்களையெல்லாம் இடம் மாற்றுகிற மனிதர், தன் வீட்டில் ஒரு தம்ளரைக்கூட நகர்த்த மாட்டார். அக்காவுக்குக் கண் தெரியாது. சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு போனது. அந்த மாடி வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும்தான். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால், அதன் கால்கள் தரையில் பதித்திருக்கும் தடத்திலேயே திரும்ப வைப்பார். கதவு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது மூடியிருக்க வேண்டும். பாதி என்ற பேச்சே கிடையாது. விருந்தாளி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டால், அவர் எழுந்திருப்பது எப்போது என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் முன்னாலேயே தள்ளி வைப்பார். விருந்தாளி என்ன நினைத்தாலும் இவருக்குக் கவலையில்லை.

அதனால் அந்த வீட்டுக்குள் அக்கா கையை நீட்டித் தடவிக்கொண்டு நடந்ததே இல்லை. அடுப்படியிலிருந்து இரண்டு கைகளிலும் தம்ளர்களோடு விறுவிறுவென்று வருவாள். புதிதாக வருகிறவர்கள் இவளுக்கா கண் தெரியாது என்று வாய்பிளப்பார்கள். தம்பிக்கு அதைவிடப் பெரிய விருது எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அக்காவுக்கும் வேலை உண்டு. வழக்கறிஞர் அலுவலகம் ஒன்று அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பாள். தம்பியின் மென்பொருளில்தான். திரையில் இருப்பதை ஒரு இயந்திரக் குரல் வாசித்துச் சொல்லும். அவள் சுட்டியைத் தொடாமல் விசைகளாலேயே மெனுவில் ஏறி இறங்குவாள். தம்பி ஒரு வரியை வெட்டினால் அவள் காதுக்கு ஒரு வரி மிச்சம். "நீ வெட்டறதுல மொத லாபம் எனக்குத்தான்டா" என்று சொல்வாள். மாதக்கணக்கில் வெளியே போகாவிட்டாலும், யார் யாரோ சண்டை போட்டு, சமாதானமாகி, பொய் சொல்லி மாட்டிக்கொள்வதெல்லாம் அவள் காதுக்கு வந்துகொண்டிருந்தது. அவள் உலகம் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தது.

கடைசிப் பதிப்பில் அவர் மெனுவையே வெட்டினார். சொற்கள் போய், மேலே ஒரு வரிசைப் படங்கள் மட்டும் வந்தன. கண்ணுக்கு அத்தனை லட்சணம். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும், குரல் வாசிப்பதற்கென்று, பார்ப்பவருக்குத் தெரியாத ஒரு பெயரை எழுதி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் படமானாலும் குரல் 'பட்டன்' என்று மட்டும்தான் சொல்லும். அது அவருக்குத் தெரியாததல்ல. எழுதிவிடட்டுமா என்று கூட வேலை செய்யும் பெண் கேட்கவும் கேட்டாள். வெளியிடும் அவசரத்தில், "அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார். அப்புறம் பாராட்டு வந்தது, கைதட்டல் வந்தது, மேலதிகாரி தோளில் தட்டியதும் நடந்தது. அந்தப் பெயர்களை மட்டும் யாரும் எழுதவில்லை.

அக்காவின் அறையில் தட்டச்சு ஓசை குறைந்ததை அவர் கவனித்தார். கேட்டதற்கு, இப்போது வேலை கொஞ்சம் மந்தம் என்று சொல்லிவிட்டாள். பிறகு ஒரு விடுமுறை நாள் காலையில் குளித்துவிட்டு வரும்போது, அந்த அறையிலிருந்து இயந்திரக் குரல் கேட்டது. "பட்டன்." ஒரு தட்டல். "பட்டன்." இன்னொரு தட்டல். "பட்டன்." ஈரத் துண்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எப்போலேர்ந்துக்கா இப்படி?"

"புதுசு வந்ததுலேர்ந்து. நாலாவது சேமிக்கிறது, அஞ்சாவது அழிக்கிறதுன்னு எண்ணி எண்ணிப் பாத்தேன்."

ஒரு நாள் எண்ணிக்கை தப்பியிருக்கிறது. காலையிலிருந்து அடித்த முழு வாக்குமூலமும் போயிற்று. சில நாட்களில் இன்னொன்றும் போயிற்று. வழக்கறிஞர் அலுவலகத்தில் யாரும் அவளைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒலிப்பதிவு அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"ஊரே மெச்சின வேலை. நான் ஒருத்தி போய் அதுல நொட்டை சொல்லணுமா? நீதான் எல்லார்கிட்டயும் சொல்லுவியே, பழகிடும்னு. பழகிடும்னு இருந்தேன்."

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து, எல்லாப் படங்களுக்கும் அவரே பெயர் எழுதினார். திருத்திய பதிப்பும் வந்துவிட்டது. இப்போது குரல் சேமி என்கிறது, அச்சிடு என்கிறது, அழி என்கிறது. வழக்கறிஞர் அலுவலகத்துக்கு நேரில் போய், தவறு அக்காவுடையது அல்ல, தன்னுடையது என்று சொல்லிப் பார்த்தார். உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். "இப்ப செய்யறவங்க நல்லா பழகிட்டாங்க சார்" என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டார்.

இப்போதும் அலுவலகத்தில் திரையின் மேல் கை வைக்கிறார், ஆனால் வெட்டுவது குறைந்துவிட்டது. சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுகிறார். அக்கா தன் கணினியை அநேகமாகத் திறப்பதில்லை. கூடத்தில் அவருக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள், பிறகு தண்ணீர் கொண்டுவர எழுந்திருப்பாள். நாற்காலி அதன் தடத்தில் இருக்கிறது. கதவு முழுக்கத் திறந்திருக்கிறது. அக்கா ஒரு கையை முன்னால் நீட்டி, காற்றைத் தடவிக்கொண்டு, அடி மேல் அடி வைத்து நடக்கிறாள்.

"எல்லாம் வச்ச இடத்துலதான்க்கா இருக்கு."

"தெரியும்டா" என்கிறாள், நீட்டிய கையை இறக்காமல்.