பிஸ்டனில் ஏறிய கைச்சூடு

காலையில் என் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு சத்தம் வரும். டக், டக், டக். மூடிய கதவை யாரோ விரல் முட்டியால் தட்டுவது போல. மூன்று நான்கு நிமிடம் தட்டும், பிறகு எஞ்சினில் சூடு ஏற ஏறத் தானாக அடங்கும். "இன்னா சார், இஞ்சின் இந்தத் தட்டு தட்டுது, மெக்கானிக்காண்ட காட்டக் கூடாதா?" என்று எதிர்வீட்டுக்காரர்கூடக் கேட்டுவிட்டார். காட்ட மாட்டேன். ஏன் என்று சொல்ல, போன மார்கழிக்கு முந்தின மார்கழிக்குப் போக வேண்டும்.

என் மனைவி மஸ்கட்டில் நர்ஸ். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வார்டு. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸை ஒட்டி, முப்பது நாள் லீவு. எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கன்டெய்னர் யார்டில் வேலை, ராயபுரத்தில் வீடு. கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய பைக் ஒன்று இருக்கிறது. நாங்கள் பேசிப் பழகியதெல்லாம் அதன் மேல்தான், எண்ணூர் வரை கடலோரமாகப் போவதும் திரும்புவதுமாக.

அந்த முறை அவள் வந்து இறங்கியபோது வண்டி புகை கக்கிக்கொண்டிருந்தது. "முப்பது நாளும் ஆட்டோலயே கூட்டினு போவியா? ஒருவாட்டியாச்சும் எண்ணூருக்கு நம்ம வண்டில போவணும்பா" என்றாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளித் தள்ளி, தண்டையார்பேட்டை மெக்கானிக்கிடம் வண்டியை விட்டபோது அவள் லீவு முடிய ஒரு வாரம்கூட இல்லை.

சிலிண்டர் தேய்ந்திருந்தது. லேத்துப் பட்டறையில் கொடுத்து உள்வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற புது பிஸ்டன் போட வேண்டும் என்றார் மெக்கானிக். எங்கள் வயதுக்காரர், வாய் ஓயாதவர். சனிக்கிழமை காலை சிலிண்டர் வந்துவிட்டது என்று கூப்பிட்டார். தூறலில் இருவரும் போனோம். திங்கள் அதிகாலை அவளுக்கு விமானம்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே தலைமுடி கனத்துக்கு இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் வண்டி ஓடும் சூட்டில் பிஸ்டன் வீங்கி இறுகிக்கொள்ளும். கூடினால் தட்டும். அவர் சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவித் துடைத்தார். என் மனைவி வைத்திருந்த புது பிஸ்டனை வாங்கி உள்ளே விட்டு, பக்கவாட்டில் அந்த இடைவெளியை அளக்கும் மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தார். போகவில்லை. திருப்பிப் போட்டுப் பார்த்தார். அப்போதும் போகவில்லை.

"டைட்டா கீது மாமு. இப்டியே மாட்டினா பாதி ரோட்ல புடிச்சிக்கும். லேத்துல இன்னும் ஒரு சுத்து கல்லு ஓட்டித் தேய்க்கணும்."

லேத்துப் பட்டறை சனிக்கிழமை மதியத்தோடு சரி. ஞாயிறு லீவு. நான் சிலிண்டரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் தாவினேன். "பிஸ்டனையும் எடுத்துனு போ மாமு!" என்று பின்னால் கேட்டது. ஆட்டோ நகர்ந்துவிட்டது.

லேத்துக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். "அளவு கரீக்டா தானே போட்டேன்? பிஸ்டன் எங்க?"

"கடையில கீது. டைட்டுன்னு சொல்லிட்டாரு. லைட்டா ஓட்டிக் குடுங்க."

"பிஸ்டன் இல்லாம கை வெக்க மாட்டேன் தலீவா."

கெஞ்சினேன். திங்கட்கிழமை மனைவி ஊருக்குப் போகிறாள் என்றேன். என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "அப்பால என்னிய கேக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கல்லை ஓட்டிக் கொடுத்தார்.

திரும்பி வந்தேன். மெக்கானிக் மறுபடி கழுவி, துடைத்து, தகட்டைச் செருகினார். அது வழுக்கிக்கொண்டு போனது. அதோடு இன்னொன்றையும் சேர்த்து விட்டார். அதுவும் போனது.

"இன்னா மாமு, கெணறு தோண்டிக்கினு வந்துட்டே!"

சிரித்தவர் சட்டென்று நிறுத்தினார். பிஸ்டனை வெளியே எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். "சிஸ்டர், காலைல இத நான் உங்கையிலேர்ந்து தானே வாங்கினேன்?"

"ஆமாண்ணா. பேப்பர்லேர்ந்து பிரிச்சதும் எங்கிட்டதான் இருந்துச்சு."

"எம்மா நேரம்?"

"அரைமணி நேரம் இருக்கும். ஜில்லுனு இருந்துச்சா, துப்பட்டால சுத்தி வெச்சினு இருந்தேன்."

மெக்கானிக் நெற்றியில் அறைந்துகொண்டார். "அலுமினியம் கைச்சூட்டுக்கே உப்பும் சிஸ்டர்! அளக்கறதுக்கு முன்னால ரெண்டையும் ஒரே துணில, பக்கத்துல பக்கத்துல போட்டு, ஒரே சூட்டுக்கு வரவுடணும். உன்னாண்ட மஸ்கட் கதை கேட்டுக்கினே நானும் மறந்துட்டேன் பாரு."

அவள் கையின் சுபாவம் அது. வார்டில் அத்தனை வருடம் இருந்த கை. சின்னதாக, சில்லென்று எது கிடைத்தாலும் சூடாக்காமல் கீழே வைக்காது. நான் ஆட்டோவில் பறந்த நேரத்தில் அந்தச் சூடு ஆறி, பிஸ்டன் தன் அளவுக்குத் திரும்பியிருக்கிறது. லேத்துக்காரர் சொன்னதுதான் சரி. கெடுத்தது என் அவசரம்.

அவள்தான் முதலில் சிரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ரெண்டும் ஒரே எடத்துல கொஞ்ச நேரம் இருந்தாத்தான் அளவு தெரியுமாண்ணா?"

மெக்கானிக் துணியை மடித்துக்கொண்டிருந்தார். நான் ரோட்டில் போகும் டிரெய்லரைப் பார்த்தேன்.

இன்னும் பெரிய பிஸ்டன் வாங்கி மறுபடி கடைந்தால் ஒரு வாரம் ஆகும். இதையே மாட்டினால் ஓடும், ஆனால் ஆறியிருக்கும்போது தட்டும் என்றார். நான் யோசிப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்: "மாட்டுங்கண்ணா."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, மதியம் கிளம்பினோம். புது பிஸ்டன், வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது என்பது மெக்கானிக்கின் கட்டளை. பின்னால் வந்த கன்டெய்னர் லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போயின. திருவொற்றியூரைக் கடக்கவே ஒரு யுகம். கடல் வலது பக்கம் கற்களுக்கு அப்பால் வந்து வந்து போயிற்று. அவள் என் முதுகில் கன்னத்தை வைத்திருந்தாள். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் எங்கும் போனதில்லை. அவ்வளவு சீக்கிரம் எண்ணூர் வந்ததும் இல்லை.

இந்த மார்கழிக்கு வருவாள். அதுவரை இந்தத் தட்டலை நான் பழுதுபார்க்கப் போவதில்லை. ஒருத்தி அரைமணி நேரம் கையில் வைத்திருந்தது எவ்வளவு என்று மனிதன் அளந்து பார்க்க முடிகிற ஒரே இடம் என் வண்டிக்குள்தான் இருக்கிறது.

அந்தத் திங்கள் அதிகாலை விமான நிலைய வாசலில், கண்ணாடிக் கதவுக்கு முன்னால், "நீ அடுத்தவாட்டி வர்றதுக்குள்ள அந்தச் சத்தத்த சரி பண்ணி வெக்கிறேன்" என்றேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு நாலடி போனவள் திரும்பினாள்.

"சரி பண்ணாதபா. காலைல நான் போன்ல இருக்கசொல்ல ஸ்டார்ட் பண்ணு. ஆறின வண்டியா ஸ்டார்ட் பண்ணு, சூடாயிட்டா எனக்குக் கேக்காது."