ஏசி ஹோட்டலில் ஒரு சஹன்

தேசிக்காய்ப் புளியும் சவர்க்காரத் தூளும் கலந்த வாசம்... அதற்கு அடியில் இறால் வாசம். எத்தனை தரம் கழுவினாலும் நான் இறால் ஏற்றும் வேனை விட்டு அது போகவில்லை.

பின்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் கதிரை போட்டு உம்மாவையும் தங்கச்சி ஹஸீனாவையும் உட்கார வைத்தேன். வாப்பா முன்னால், என் பக்கத்தில். குறிஞ்சிப்பிட்டியிலிருந்து கற்பிட்டிக் கடற்கரை ஹோட்டலுக்குப் பகல் சாப்பாட்டுக்குப் புறப்பட்டோம்.

சும்மா சாப்பாடு இல்லை. ஹஸீனாவுக்கு ஒரு சம்பந்தம். மாப்பிள்ளை கட்டாரில். அவருடைய வாப்பா ஒரு ஹாஜியார். மதுரங்குளியிலிருந்து கொழும்புக்குப் போய் வசதியான குடும்பம். ஹாஜியாரும் மனைவியும் பெண்ணைப் பார்க்க வருகிறார்கள்.

"ஊட்டுக்கு வந்து ஒங்களுக்குச் சிரமம் குடுக்காம, வெளிய எங்கயாச்சும் சந்திப்பம்" என்று டெலிபோன் கோலில் சொன்னார்கள்.

நான் வியாபாரி. அந்தப் பேச்சுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். பிடிக்காவிட்டால் எழும்பிப் போக வசதியான இடம் வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கு முன்பு வந்த சம்பந்தக்காரர்கள் எங்கள் வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, "இறால்காரக் குடும்பம், சரிவராது" என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணனான என்னை 'நானா, நானா' என்று சுற்றும் ஹஸீனா பல நாள் யாரோடும் கதைக்கவில்லை. அன்றைக்கே முடிவெடுத்தேன்... இனி எவரும் எங்களைப் பார்த்து ஒரு குறை சொல்லக்கூடாது.

அந்த ஹோட்டலுக்கு நான்தான் இறால் போட்டேன். ஆனால் எனக்குத் தெரிந்தது பின்கதவு மட்டும். ஒரு வெயிட்டரைப் பிடித்து, எந்தக் கையில் கத்தி, எந்தக் கையில் முள்ளுக்கரண்டி என்று கேட்டு வந்து வீட்டில் வகுப்பு நடத்தினேன். ஒரு வாரம் எங்கள் வீட்டில் புட்டும் முள்ளுக்கரண்டியால்தான்.

"இது சோறு திங்கிறதா, வல பின்னுறதா?" என்றார் உம்மா.

"பேசாமப் பழகு. மவன் சொல்றான்ல" என்ற வாப்பா, கொஞ்ச நேரத்தில் என்னிடம் திரும்பினார். "என்ன மவன், இடக்கையாலயா வாயில வெக்கச் சொல்ற?"

அவர் கேட்டதும் சரிதான். கத்தியை விட்டுவிட்டு முள்ளுக்கரண்டியைச் சோத்துக்கையால் பிடிப்பது என்று எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம்.

ஹோட்டலில் நீள மேசை. ஒரு பக்கம் பெண்கள், மறுபக்கம் நாங்கள். ஏசிக் குளிர். ஆளுக்கொரு சின்னப் பீங்கான் தட்டில் கைதுடைக்கும் துணியைக் கொக்கு மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். ஹாஜியாரின் மனைவி ஹஸீனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கம் ஒன்று, எங்கள் பக்கம் ஒன்று என்று இரண்டு சீஃபுட் பிளாட்டர் சொன்னேன். வாப்பா என் காதுக்குள், "பிளாட்டர்ண்டா என்ன?" என்றார்.

"பெரிய தட்டு, வாப்பா. நடுவுல வெப்பாங்க. எல்லாரும் அதுல எடுக்கிற."

"சஹனா?"

"ஓம், அது மாதிரித்தான்."

ஏதோ நினைப்பில் வாயில் வந்த சொல். எங்கள் பக்கத்துக் கலியாணங்களில் ஒரு பெரிய தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றியிருந்து எல்லோரும் அதிலேயே கை போட்டுச் சாப்பிடுவதுதான் சஹன்.

பிளாட்டர் இரண்டும் வந்தன. நடுவில் சோறு, சுற்றி இறால், மீன், பெரிய சிங்கி இறால். வெயிட்டர் அகப்பையை எடுக்கும் முன்பே வாப்பா சட்டைக் கையை மடித்துவிட்டார். "பிஸ்மில்லாஹ்." கை தட்டுக்குள் போய்விட்டது.

"வாங்க ஹாஜியார். என்ன பாத்துட்டு ஈக்கிறீங்க?"

ஹாஜியார் முள்ளுக்கரண்டியைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். வாப்பாவின் கையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

ஒரு சொல் சொல்லி வாப்பாவைத் தடுத்திருக்கலாம். ஆனால் சொல்லவில்லை. இந்தச் சம்பந்தம் போனால் போகட்டும்... சோற்றில் வைத்த கையை எடுக்கும்படி என் வாப்பாவிடம் நான் சொல்ல மாட்டேன். முள்ளுக்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு நானும் கையை வைத்தேன்.

அப்போதுதான் மேசையின் அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"என்னங்க, கொழும்புக்குப் போனதும் சஹன் மறந்து போச்சா?"

ஹாஜியாரின் மனைவிதான். வளையல்களை மேலே ஏற்றிக்கொண்டு ஹஸீனாவிடம் சொன்னார். "இந்தப் பீங்கான அங்கால தள்ளு புள்ள. இதுல கோழிக்குஞ்சுக்குத்தான் சோறு வெக்கலாம்."

ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூனு பேருக்கு ஒரு சஹனா? எங்கட ஊர்ல ஆறு பேர் சுத்தி ஈக்கிற."

"அப்ப வெயிட்டரயும் கூப்புடுங்க" என்றார் வாப்பா.

சஹனில் ஒரு வழக்கம் உண்டு. தன் பக்கத்துச் சோற்றைத்தான் எடுக்க வேண்டும். நல்ல துண்டு தன் பக்கம் இருந்தால், வேண்டியவர் பக்கம் தள்ளிவிடலாம். ஹாஜியாரின் மனைவி சிங்கி இறாலின் சதையைப் பிய்த்து, தன் பக்கத்திலிருந்து ஹஸீனாவின் பக்கம் தள்ளினார்.

"சாப்புடு மவள்."

உம்மா முக்காட்டைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே வந்து வேனைப் பார்த்ததும் ஹாஜியார் என் தோளில் கை வைத்தார். "இனி ஊட்டுக்கு வந்து பேசுவம் தம்பி."

பல வருடம் கழித்து இப்போது அதே ஹோட்டலுக்குப் பிள்ளைகளோடு முன்வாசலால் போகிறேன். ஆளுக்கொரு பீங்கான், ஆளுக்கொரு ஓர்டர். முதலில் போட்டோ, பிறகு சாப்பாடு. கலியாண மண்டபங்களில் பஃபே. குறை சொல்லவில்லை. நானும் வரிசையில் நின்றுதான் எடுக்கிறேன். ஆனால் என் பக்கத்துத் துண்டை யார் பக்கம் தள்ளுவது என்றுதான் தெரிவதில்லை...

போன பெருநாளுக்கு ஹஸீனா அந்தக் கட்டார் மாப்பிள்ளையோடு வந்திருந்தாள். கதையோடு கதையாகச் சொன்னேன்.

"அன்டைக்கு அவங்க முகம் சுளிச்சிருந்தா, ஒங்க எல்லாரயும் கூட்டிட்டு எழும்பியிருப்பன்."

சிரித்தாள்.

"நீங்க எழும்புற வரைக்கும் நான் காத்துட்டு ஈந்திருப்பனா நானா? மாமா எங்கட வாப்பாட கையப் பாத்து முழிச்ச நேரமே, மேசைக்குக் கீழ கழட்டி வெச்ச செருப்ப மாட்டிட்டன்."