அப்பாவின் காலைச் சுட்ட மடிக்கணினி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. பெடாஸ் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். அவர் தோட்டத்து லோரி ஓட்டியவர். இனிப்புநீர் என்னும் சர்க்கரை நோய் முற்றி, இரண்டு பாதங்களிலும் உணர்ச்சி போய், பெரும்பாலும் கட்டிலில்தான் கிடந்தார்; சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடப்பார். அக்கா கல்யாணமாகி கெமாஸில் இருந்தாள். நான் ஒரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே மடிக்கணினியில் வேலை செய்துவந்தேன்.

அது பழைய கணினி. உள்ளே இருக்கும் காற்றாடி சில மாதங்களாகவே கரகரவென்று இரையும். தொட முடியாத அளவுக்குச் சூடேறும். மம்பாவில் ஒரு கடையில் கேட்டபோது, கழற்றித் தூசியெடுத்துக் காற்றாடியை மாற்ற இரண்டு நாள் ஆகும் என்றார்கள். இரண்டு நாள் வேலையை விட மனமில்லை. ஓடும்வரை ஓடட்டும் என்று இருந்துவிட்டேன்.

மதியத்தில் அப்பாவுக்குப் பழைய படம் போட்டு, கணினியைக் கட்டிலில் அவர் கால்மாட்டில், போர்வைமேல் வைத்துவிட்டுப் போவேன்.

"கட்டைய வச்சு மேல தூக்கி வைம்மா. அடியில காத்து போகலன்னா இஞ்சின் சூடாயிரும்லா" என்றார் ஒருநாள்.

"இது லோரி இல்லப்பா" என்று சிரித்துவிட்டுப் போனேன்.

அந்த வாரமே அது நடந்தது. துணி காயப்போட்டு, அக்காவோடு போனில் பேசிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து உள்ளே வந்தேன். படம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் காற்றாடிச் சத்தம் இல்லை. அப்பா அசந்து தூங்கியிருந்தார். அவருடைய வலது பாதம் கணினியில் ஒட்டிக் கிடந்தது. பதறி நகர்த்தினேன். விரல்களுக்குக் கீழே தோல் வெளுத்துக் கொப்புளித்திருந்தது.

"அப்பா, சுடலையாப்பா?" என்று கத்தினேன்.

கண்விழித்தவர், "எதும்மா சுடுது?" என்றார்.

புண் ஆறவில்லை. சிரம்பான் மருத்துவமனையில் மூன்று விரல்களை எடுத்தார்கள். ஓடிவந்த அக்கா, "வீட்டுல ஆள் இருந்தும் எப்படி சுட்டுச்சு?" என்று என்னைத்தான் பார்த்தாள். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நான்தான்லா சுடுதண்ணிய கொட்டிக்கிட்டேன். இவ அப்ப கடைக்குப் போயிருந்தா."

நான் தலையாட்டினேன். அக்கா வெளியே போனதும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நான் போனப்புறம் உனக்கு அவ ஒருத்திதானேம்மா" என்றார்.

அதன்பிறகு அவர் எழுந்து நிற்கவே இல்லை. மறு வருடம் போய்விட்டார்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவ கண்ணு மாதிரி பாத்துக்கிட்ட" என்று அழுகிறாள்; அந்தப் பாராட்டை ஏற்கவும் முடியவில்லை, உண்மையைச் சொல்லி அப்பா எனக்காக விட்டுப்போன ஒரே உறவை இழக்கவும் இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.