கழுத்துக்குக் கீழே ஏழுமலை அண்ணன்

காலை ஏழு மணிக்குப் பிரியா போனில் கூப்பிட்டாள். "சித்தப்பா, அப்பா போயிட்டாரு. ஆஸ்பத்திரிலேருந்து இப்பதான் வீட்டுக்குக் கொண்டாந்தோம். பேனர் வெக்கணும்ன்றாங்க. உங்ககிட்டதான் அப்பா போட்டோ நெறைய இருக்கும். நல்லதா ஒண்ணு அனுப்புங்க."

பிரியாவின் அப்பா ஏழுமலை அண்ணனும் நானும் உப்பளம் பகுதியில் ஒரே பிளெக்ஸ் கடையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர்கள். நான் கணினியில் பேனர்களை வடிவமைப்பேன். அவர் அவற்றைக் கம்பத்திலும் மாடியிலும் ஏறிக் கட்டுவார். பிரியா சொன்னது உண்மைதான். என் போனில் அவர் படம் நூற்றுக்கணக்கில் இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். குதிக்க மடங்கிய கால்கள், சுவரைப் பிடித்த கைகள், வளைந்த முதுகு. ஒன்றிலும் முகம் இல்லை. எல்லாப் படமும் கழுத்தோடு முடிந்திருந்தது.

"தேடி அனுப்புறேன்மா" என்றேன். அனுப்பவில்லை. கடைசியில் ஆதார் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி, அவருக்கான கண்ணீர் அஞ்சலி பேனரை நானே செய்தேன். கண்கள் கட்டம் கட்டமாக உடைந்து போயிருந்தன. அண்ணன் வீடு இருக்கும் சாரம் பகுதியில் அந்தப் பேனரைப் பார்த்த உங்களில் பலர் "ஏழுமலையா இது?" என்று கேட்டீர்களாம். அது ஏன் அப்படி ஆனது என்பதை உங்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும்.

சொந்தமாக ஒரு காமிக்ஸ் புத்தகம் போட வேண்டும் என்பது என் ஆசை. ஆலை மூடி வேலையிழந்த ஒரு தொழிலாளி, கூரை கூரையாகத் தாவி ஊரைக் காக்கிற கதை. எனக்கு முகம் வரும், உடம்பு வராது. நான் வரைந்த நாயகன் குதித்தால் மாடியிலிருந்து தலையணை விழுந்த மாதிரி இருக்கும். ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "தம்பி, இவன் ஏறல. யாரோ தூக்கி வெச்சிருக்காங்க" என்றார். சொன்னதோடு நிற்காமல் கடையின் பின்சுவரில் தானே ஏறிக் காட்டினார். அப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

அதன் பிறகு நாலு வருடம், வேலை இல்லாத மதியங்களில் எல்லாம் அவர் எனக்காக ஏறினார், தொங்கினார், உருண்டார். நான் கழுத்துக்குக் கீழே மட்டும் போனில் படம் எடுத்து, அதைப் பார்த்து வரைந்தேன். "விழுறது ஒண்ணுமில்ல தம்பி. விழுற மாதிரி நிக்கிறதுதான் உயிரு போவுது" என்பார். ஒருநாள் ஜன்னல் கம்பியில் தொங்கச் சொல்லிவிட்டு, போன் வந்ததால் வெளியே போய்ப் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது இன்னும் தொங்கிக்கொண்டிருந்தார். "நீ எடுத்துட்டியா இல்லியான்னு தெரியல" என்றார்.

அவரே ஆலைத் தொழிலாளிதான். ஆலை மூடிய பிறகுதான் பேனர் கட்ட வந்தார். தறிச் சத்தத்தில் எப்படிக் கையால் பேசிக்கொள்வார்கள், மூடிய கேட்டுக்கு முன்னால் எத்தனை நாள் போய் நின்றார்கள் என்றெல்லாம் சொல்வார். என் நாயகன் பேசிய பேச்சில் பாதி அவருடையது.

தலையை மட்டும் வேறு இடத்திலிருந்து எடுத்தேன். கடைக் கணினியில் ஒரு வேட்டி விளம்பரத்துக்காக வைத்திருந்த மாடல் பையனின் தலை. நல்ல சிவப்பு, கூரான மூக்கு. அப்படிச் செய்யச் சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை. கறுத்து, கன்னம் ஒட்டி, முன்வழுக்கை விழுந்த ஒரு முகத்தை அட்டையில் போட்டால் யார் வாங்குவார்கள் என்று நானே முடிவு செய்தேன். அவர் முழங்கையில் தறி கிழித்த தழும்பைக்கூட அழித்துவிட்டேன். இத்தனைக்கும் நானும் அவர் நிறம்தான்.

புத்தகம் வந்ததும் காலாப்பட்டில் மாணவர்கள் நடத்திய ஒரு சிறிய கண்காட்சியில் மேசை போட்டேன். தலையை மாற்றியதைப் பற்றி அண்ணனிடம் முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை. அவர் சரோஜா அண்ணியையும் பிரியாவையும் அழைத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. அண்ணி தலையில் பூ. அண்ணி புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"எங்கங்க இருக்கீங்க?"

"இதான். இந்தத் தாவுறது நான்தான்."

"இது அந்த வேட்டிக்கடை பேனர்ல இருக்கிற பையன் இல்ல? நீங்கதான கட்டுனீங்க?"

அண்ணன் படத்தில் முழங்கையைக் காட்ட விரலைக் கொண்டுபோனார். அங்கே தழும்பு இல்லை. விரலை எடுத்துக்கொண்டார். அதற்குள் பிரியா வேறொரு பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். "அம்மா, இதோ அப்பா!" நாயகனிடம் அடி வாங்கும் ஒரு ரவுடி. பக்கவாட்டு முகம், ஒட்டிய கன்னம், வழுக்கை. ஆள் கிடைக்காமல் ஒரே ஒரு படக்கட்டத்துக்கு, எதிரே உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்து அவசரமாகக் கிறுக்கிப் போட்டிருந்தேன். அண்ணன் சத்தமாகச் சிரித்தார். "என்னையே நான் அடிக்கிறேன் பாரு" என்றார். அண்ணி சிரிக்கவில்லை. நான் பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ பேசுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் பொய்தான். அடுத்த புத்தகத்துக்கு மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும் வந்தார். ஒரே ஒரு தடவை, சுவரிலிருந்து இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "இதுலயாவது அவன் நம்மள மாதிரி இருப்பானா தம்பி?"

"பாக்கலாம்ணே" என்றேன். இல்லை என்றுதான் அதற்குப் பொருள் என்பது அவருக்கும் புரிந்தது. "சரி, எந்தக் கால முன்னால வெக்கட்டும்?" என்றார். அதற்கப்புறம் மூன்று மாதத்தில் படுத்துவிட்டார். இரண்டு முறை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் மழையைப் பற்றியும் கடையைப் பற்றியும் பேசிவிட்டு வந்தேன்.

காரியம் முடிந்த அன்று அண்ணியிடம் சொன்னேன். "நான் செஞ்சது தப்பு அண்ணி. அண்ணன்கிட்ட அதச் சொல்லவே இல்ல."

அவர் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே பேசினார். "நீங்க குடுத்த புக்க தெரு பூரா காட்டுனாரு. கழுத்துக்குக் கீழ நான்தான், கழுத்துக்குக் கீழ நான்தான்னு சொல்லிட்டே திரிஞ்சாரு. அவருக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது." பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

இரண்டாவது புத்தகம் முப்பது பக்கம் பென்சிலில் நிற்கிறது. தலைகள் எல்லாம் வெறும் வட்டங்கள். அண்ணன் முகத்தையே போடுவது என்று உட்கார்ந்தேன். வரவில்லை. அவர் தோள் எப்படி இறங்கும், எடை எந்தக் குதிகாலில் நிற்கும் என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். மோவாயில் ஒரு மச்சம் உண்டு என்று தெரியும். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, ஆதார் படத்திலும் அது தெரியவில்லை. பதினோரு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாரத்துக்குப் போய் அண்ணியைக் கேட்டேன். அவர் தன் மோவாயின் இடது பக்கத்தில் விரலை வைத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

ஏழுமலை அண்ணன் கொடுத்த உடம்பு முழுதாக என்னிடம் இருக்கிறது. முகத்தில், இப்போதைக்கு, அந்த ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது.