மாமாவின் டிராகன் காசு

விளக்கு மினுக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். எட்டு வயதில் அந்தப் புகழ் எனக்குத் தலைக்கேறியிருந்தது.

அம்மாவின் தம்பியான மாமா அப்போது கிங்ஸ்பரியில் எங்களோடுதான் இருந்தார். ஒரு ஞாயிறு, பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து வரும் வழியில், கார் டிக்கியில் பழைய சாமான்களைப் பரப்பி விற்கும் கார் பூட் சேலில் ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய நாணயங்கள் வாங்கி வந்தார். அதில் ஒன்றில் டிராகன் இருந்தது. வெள்ளிதான், ஆனால் கறுத்துப்போயிருந்தது. அதை நாணய வியாபாரி ஒருவரிடம் காட்டிவிட்டு மாமா ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அக்கா, ஜப்பான்காரர் புதுக்காசு அடிக்க முதல் மாதிரிக்கு அடிச்சுப் பாத்ததாம். நாலைஞ்சுதான் இருக்குமாம். வாற சனிக்கிழமை வித்தால் அவளுக்கு விசா போடலாம்."

'அவள்' யாழ்ப்பாணத்தில் காத்திருந்த மாமி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருநாளும் கடைக்குப் போகாத காசு எப்படிக் காசாகும்? இவ்வளவு ஊத்தையை யார் வாங்குவார்கள்? மாமியை நினைக்கப் பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விளக்குகளை எடுக்கும்போது, சாமிப் படத்தடியில் மாமா வைத்திருந்த காசையும் எடுத்தேன். வெள்ளிச் சாமானுக்குத் திருநீறு என்பது என் தொழில் ரகசியம். டிராகனின் ஒவ்வொரு செதிலையும் விடாமல் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. மாமா வந்ததும் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன்.

அவர் அதை யன்னலடிக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு படியில் இருந்துவிட்டார்.

"நல்ல வடிவா மினுக்கியிருக்கிறாய், பிள்ளை."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். சந்தோஷமாக்கும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை போய் வந்தவர் அம்மாவிடம், "அது போலியாம், அக்கா. நான்தான் ஏமாந்திட்டன்" என்றார்.

அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா ஏமாந்த கதையை நான் நடித்துக் காட்டுவேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். மாமி வந்திறங்க இன்னும் மூன்று வருஷம் எடுத்தது. ஹீத்ரோவிலிருந்து திரும்பும் காரிலேயே அவருக்கும் கதையைச் சொன்னேன். மாமி சிரிக்கவில்லை. என் கையை எடுத்து மடியில் வைத்து, விரல்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

பழைய நாணயத்தின் கறுப்பைத் தேய்த்தால் அதன் மதிப்பும் சேர்ந்து போய்விடும் என்பதோ, மாமா மாமிக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தார் என்பதோ அன்றைக்கு எனக்குத் தெரியாது. களைப்பாக்கும் என்று நினைத்து, கதையை முதலிலிருந்து இன்னொரு தரம் சொன்னேன்.