நாற்பது சிப்பிகளும் இரண்டு நீல ட்ரம்மும்

திருப்பதியில் சிப்பி வளர்க்கிறேன் என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. அலிபிரி பக்கம் நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா, மலையேற வருகிறவர்களுக்குச் சங்கும் சோழியும் விற்கிறேன் என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை. ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில், ஒப்பந்த வேலையில், நாற்பது சிப்பிகளுக்குத் தாதி வேலை பார்க்கிறேன் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

அந்த நாற்பதும் பழவேற்காடு ஏரியிலிருந்து வந்தவை. பேருக்குத்தான் ஏரி. கடல் உள்ளே வந்து போகும் உப்புநீர்ப் பரப்பு அது. அதில் பெரும்பகுதி எங்கள் திருப்பதி மாவட்டத்தில்தான் இருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, கடல்நீர் வரத்து குறைந்து, சேறு படிந்து, சிப்பிப் படுகைகள் ஒவ்வொன்றாக மூடிப்போய்விட்டன. சிப்பி போனால் அதோடு முடிவதில்லை. ஏரித் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தவை அவைதான். நண்டுக்குஞ்சும் மீன்குஞ்சும் ஒளிந்து வளர்ந்ததும் அவற்றின் இடுக்குகளில்தான். மிச்சமிருந்த தாய்ச்சிப்பிகளை எடுத்து வந்து, முட்டையிட வைத்து, குஞ்சுகளைப் பழைய சிப்பி ஓடுகளில் ஒட்டவிட்டு மறுபடி ஏரியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதுதான் எங்கள் திட்டம். கரையோரம் எங்களுக்கு இருந்த கொட்டகையின் கூரையை மழைக்காற்று பிய்த்துக்கொண்டு போனதால், சிப்பிகள் எங்களோடு திருப்பதிக்குக் குடிவந்தன.

அவற்றை எடுத்துக் கொடுத்தவர் எங்கள் லேப் அண்ணன். ஏரிக்கரையில் மீனவர் வீட்டில் பிறந்தவர். ஆய்வுக்கூட உதவியாளர், வேன் ஓட்டுவதும் அவரே. மார்பளவு தண்ணீரில் நின்று, காலால் தடவித் தடவி ஒவ்வொன்றாக எடுத்தாராம். என்னைத் தெலுங்கில் தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி "செல்லெம்மா" என்றுதான் கூப்பிடுவார். "செல்லெம்மா, எங்க ஊரு பக்கம் இதான் மொத்தமே. இனிமே தேடினாலும் கெடைக்காது" என்று சொல்லி என் கையில் கொடுத்தார்.

வாரம் ஒருமுறை தொட்டிக்குப் புதுக் கடல்நீர் வேண்டும். அண்ணன் ஸ்ரீகாளஹஸ்தி வழியாகக் கரைக்குப் போய் ட்ரம்களில் நிரப்பிக்கொண்டு வருவார். அந்த ட்ரம்கள் வெயிலில் வெடித்துவிட்டன. புதியது வாங்கும் கோப்பு மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. திட்டத்தை நடத்தும் எங்கள் மேடம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை. "நான் கொண்டு வர்றேன் மேடம்" என்றேன். என் அக்கா நகரியில் ஒரு சாயப்பட்டறையில் தறிக்கு வேண்டிய நூலுக்குச் சாயம் போடுகிறாள். அங்கே நீல ட்ரம்முக்குப் பஞ்சமில்லை.

அக்கா இரண்டு ட்ரம்மை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். உள்ளே கைவிட்டு, சோப்புப் பொடி போட்டு, மூன்று தடவை கழுவினேன். மூடியை மட்டும் மேலாகத் துடைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணன் தண்ணீரோடு வந்தார். மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுளித்தார். "ஏதோ வாசன அடிக்குதே செல்லெம்மா."

குனிந்து மோந்து பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. "கழுவுன சோப்பு வாசனண்ணா" என்றேன். படித்த பெண் சொல்கிறாள் என்று அவரும் விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். மேடம் வெளியூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் பழைய தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீரை நிரப்பினேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஆக்சிஜன் மீட்டரைத் தொட்டியில் விட்டுப் பார்த்தேன். ஆறு காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றுக்கும் கீழே காட்டியது. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று பேட்டரியை மாற்றினேன். குழாய்த் தண்ணீரில் விட்டேன், ஒழுங்காகக் காட்டியது. அப்புறம்தான் சிப்பிகளைப் பார்த்தேன். எப்போதும் நூலிழை அளவு திறந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருப்பவை, நாற்பதும் இறுக மூடிக் கிடந்தன.

ஓடிப்போய் ட்ரம் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் வளையத்துக்கு அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. ஹைட்ரோஸ். நூலில் சாயம் ஏறுவதற்காகத் தொட்டியில் போடும் பொடி. தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்ப்பதுதான் அதன் வேலையே. தீக்குச்சி உரசின மாதிரி நெடி அடிக்கும் என்பார்கள். சாயம் போட்டே எங்களை வளர்த்த நைனா சட்டையிலும் அக்கா தலைமுடியிலும் எங்கள் வீட்டுப் பாயிலும் தலையணையிலும் அந்த நெடிதான். அதிலேயே வளர்ந்த மூக்குக்கு அது எப்படித் தெரியும்?

உடனே அண்ணனுக்கு போன் செய்திருக்க வேண்டும். நம்பரை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். என்னவென்று சொல்வது? உங்கள் ஊரில் மிஞ்சியிருந்ததை எங்கள் ஊர்ப் பொடியில் போட்டுவிட்டேன் என்றா? அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. யாருக்கும் தெரிவதற்குள் நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன்.

எனக்குத் தெரிந்தது பட்டறை வைத்தியம். ஹைட்ரோஸ் டப்பாவைத் திறந்து வைத்தால் காற்றுப் பட்டு வீரியம் போய்விடும். அப்படித் திறந்து போட்டதற்காகச் சின்ன வயதில் நானும் அக்காவும் வாங்கிய அடி கொஞ்சமில்லை. மக்கை எடுத்துத் தண்ணீரை மொண்டு, தலைக்கு மேல் தூக்கி, தொட்டியிலேயே ஊற்ற ஆரம்பித்தேன். மீட்டர் ஒன்றரைக்கு வந்தது. தோள் விட்டுப்போயிற்று. நடுவில் அக்காவுக்கு போன் செய்து கத்தினேன்.

"அந்த ட்ரம்முல ஹைட்ரோஸ் இருந்திச்சின்னு ஏன்கா சொல்லல?"

"நீ எங்கடி கேட்ட? நாங்க தெனம் அதுலதான் கெடக்குறோம், எங்களுக்கு என்னா ஆயிடுச்சி?"

கோபத்தில் போனை வைத்துவிட்டு மறுபடி மக்கை எடுத்தேன். வாட்ச்மேன் பூட்ட வரும்போது மீட்டர் நான்கில் நின்றது. சிப்பிகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

காலையில் முதல் ஆளாகப் போனேன். மூன்று சிப்பிகள் வாயைப் பிளந்திருந்தன. திறந்திருக்கும் சிப்பியைத் தட்டினால், உயிர் இருந்தால் சட்டென்று மூடிக்கொள்ளும். தட்டினேன். மூடவில்லை. மாறி மாறித் தட்டிக்கொண்டே இருந்தேன். பின்னால் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பினால், ஊரிலிருந்து வந்துவிட்டிருந்த அண்ணன். அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் திட்டவில்லை. ஒரு கோணிச் சாக்கை நனைத்துக்கொண்டு வந்து, மிச்சம் முப்பத்தேழையும் தண்ணீரிலிருந்து எடுத்து அதில் சுற்றினார்.

"இதுங்களுக்கு தண்ணி எதுக்கும்மா? ஏரியில தண்ணி வத்துனா வெளியதான் கெடக்கும். வாய மூடிக்கினு ஒரு நாளு தாங்கும். நேத்தே ஒரு போன் பண்ணியிருந்தா எடுத்து வெச்சிருக்கலாமே."

பாடப்புத்தகத்தில் அடிக்கோடு போட்டுப் படித்துப் பரீட்சை எழுதிய விஷயம் அது. பயத்தில் ஒன்றும் தோன்றவில்லை. பொடி செய்த கெடுதல் பாதி என்றால், நான் மூடி மறைத்த அந்த மத்தியானம் செய்தது மீதி.

அண்ணன் பால்காரரிடம் கேன்களை இரவல் வாங்கிக்கொண்டு கரைக்குப் போனார். அவர் திரும்பும்வரை சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாலை மூன்று மணிக்கு வந்து, கேனை என் மூக்கருகே கொண்டுவராமல் தானே மோந்து பார்த்துவிட்டு ஊற்றினார். அது எனக்குச் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூடியிருக்கும் சிப்பி உயிரோடிருக்கிறதா, செத்துவிட்டதா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. திறந்தால்தான் தெரியும். ஆனால் செத்தாலும் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, திறக்க மாட்டாயா என்று கெஞ்சிக்கொண்டும், ஒன்று திறந்துவிட்டால் தட்டிப் பார்க்கப் பயந்துகொண்டும் இருந்தேன். அன்று ஆறு திறந்தன. ஆறும் மூடவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் வைத்தேன். அண்ணன் அந்தத் தட்டைப் பார்க்காமலே வேலை செய்துகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பத்து மணி இருக்கும். ஓரத்தில் கிடந்த ஒன்று நூலிழை அளவு திறந்திருந்தது. தட்டினேன். டப்பென்று மூடிக்கொண்டது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பில் பாடமே நின்றுபோயிற்று. சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்றும் திறந்து மூடிக் காட்டிவிட்டன. அண்ணன் முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு சிரிப்பைப் பார்த்தேன்.

மேடம் வந்ததும் ஒன்று விடாமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். முப்பத்தொன்றை வைத்து வேலையை நடத்தலாம் என்றார். இனிமேல் எந்தப் பாத்திரம் உள்ளே வந்தாலும் அண்ணன் மோந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். என் ஒப்பந்தத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்காவிடம் கத்தியது உறுத்திக்கொண்டே இருந்ததால் அன்றே போன் செய்தேன். பட்டறையில்தான் இருந்தாள். பேச்சுக்கு நடுவே யாரோ தொட்டியில் நூலை அமுக்குகிற சத்தம் கேட்டது.

"பொழைச்சிதாடி?" என்றாள் எடுத்ததுமே.

"முப்பத்தொண்ணு பொழைச்சிதுக்கா. ஒம்போது போயிடுச்சி."

"அடப் பாவமே. எத்தினி நாளு கெடந்துச்சிங்க அந்தத் தண்ணியில?"

"ஒரே நாளுதான். முழுசா ஒரு நாளுகூட இல்ல."

போனில் மறுபடி நூலை அமுக்குகிற சத்தம் கேட்டது. அவள் அந்தத் தொட்டிக்கரையில் நிற்க ஆரம்பித்தபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன்.

"சரி, அந்த ட்ரம்ம ரெண்டையும் பஸ்ல போட்டு அனுப்பிடு" என்றாள் பிறகு. "நம்ம தெருவுக்கு நாலு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி வுடறான். புடிச்சி வெக்க ஒண்ணும் இல்லாம அவஸ்தைப்பட்டுக்கினு இருக்குது."

"எந்தத் தண்ணிக்கா? குடிக்கிற தண்ணியா?"

"பின்ன?" என்றாள் அக்கா.