பெட்டியோரம் விழுந்த நாலாவது கை

நம்பினால் நம்புங்கள். இல்லாவிட்டால் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து குமாரவேலையே கேட்டுக்கொள்ளுங்கள். போன ஐப்பசியில் நடந்தது. பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாத மனுஷன் அவர்.

கூட்டாளி கலியாணசுந்தரம் மாரடைப்பில் போய் முப்பது மணி நேரம் ஆகியிருந்தது. துபாயிலிருந்து மகன் கதிர்வேல் விடியற்காலை வரவேண்டும். அதுவரை உடம்பு ஃப்ரீசர் பெட்டியில். கரண்ட் போனால் ஜெனரேட்டரைப் போடுவது குமாரவேல் பொறுப்பு. "புள்ள அப்பா மூஞ்ச நல்லபடியா பாக்கணும்ணா. தூங்கிடாதீங்க" என்று கலியாணசுந்தரத்தின் மனைவி நீலாம்பாள் அழுதிருந்தாள்.

குமாரவேலோ சாவுச் சேதி வரும்வரை தீபாவளிப் புடவைக்காக மூன்று நாளாகத் தறியை விட்டு எழாதவர். கண் எரிந்தது. சாவு வீட்டில் விழித்திருக்கச் சீட்டுதான் வழி. கூட்டாளிகள் நால்வரும் இருபது வருஷமாக ஆடியது முன்னூத்தி நாலு. மூன்று பேருக்கு அது சரிப்படாது என்று மிச்சக் கூட்டாளிகள் ராஜகோபாலோடும் திருஞானசம்பந்தத்தோடும் ரம்மி போட்டார். பன்னிரண்டரைக்கு அவர்கள் இருவரும் பாயில் சாய்ந்துவிட்டார்கள்.

மணி 1.50. தூக்கக் கலக்கத்தில், பழக்க தோஷம், நாலு பேருக்கும் சீட்டுப் போட்டுவிட்டார். நாலாவது கை பெட்டியோரம் விழுந்தது. அடச்சே! எடுக்கக் குனியவும் முடியவில்லை. உட்கார்ந்தபடியே கண் சொருகியது.

டொக்... டொக்.

முன்னூத்தி நாலில் ஏலம் கேட்கவில்லை, பாஸ் என்றால் கலியாணசுந்தரம் வாய் திறக்க மாட்டார். விரல் முட்டியால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். குமாரவேல் திரும்பிப் பார்த்தார். மற்ற இருவரும் குறட்டை. பெட்டி மோட்டார் சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

2.35. டொக்... டொக்.

"பாஸா? சரிப்பா... தூங்க வுடு" என்றார், பாதித் தூக்கத்தில்.

3.10.

டொக்... டொக்... டொக்... டொக்...

கண்ணைத் திறந்தார். கும்மிருட்டு.

மோட்டார் ஓடவில்லை.

தட்டு மட்டும் நிற்கவில்லை.

ஐயோ, கரண்ட்! விழுந்தடித்து ஓடி ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தார். விளக்கு வந்தது. தட்டு நின்றது.

5.40-க்குக் கதிர்வேல் வந்தான். கண்ணாடி வழியாகப் பார்த்தான். "தூங்குற மாரியே இருக்காரு" என்று தேம்பினான். குமாரவேலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

குளிப்பாட்டப் பெட்டியைத் திறந்தார்கள். கைக் கட்டை விரல்களைச் சேர்த்து நீலாம்பாள் போட்டது மூன்று முடிச்சு. அது அவிழ்ந்து கிடந்தது. வலது நடுவிரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது.

மகன் பார்ப்பதற்குள் குமாரவேல் உடம்பில் போர்த்தியிருந்த வேட்டியை இழுத்து அந்தக் கையை மூடினார். இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.